பட்டயம் யாருக்கு எழுதியது?

கொச்சியில் மட்டாஞ்சேரி போய் வந்தவர்களிடம், "யூதப் பள்ளியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி என்றால் இங்கே யூதர்களின் தொழுகைக் கூடம். தரையைப் பற்றித்தான் சொல்வார்கள். நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அப்புறம் அந்தக் கதை. ஓடுகள் முதலில் கொச்சி ராஜாவின் அரண்மனைக்குத்தான் வந்தனவாம். பசுவின் ரத்தம் சேர்த்துச் செய்தவை என்று யாரோ காதில் போட்டுவிட, ராஜா தொடவே மாட்டேன் என்றாராம். யூதர்கள் வாங்கிப் பதித்துக்கொண்டார்களாம். எந்தக் கைடும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஓடுகளைப் பதித்தவர் எசக்கியேல் ரஹபி. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைமை வியாபாரி. மிளகு பேரத்திலிருந்து ராஜாக்களிடம் தூது போவது வரை கம்பெனி இவரை நம்பித்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் 1762 இல் கான்டனிலிருந்து ஓடு வரவழைக்க, அரண்மனை வேண்டாமென்று ஒதுக்கியதற்காகக் காத்திருந்தாரா என்ன?

ஓடுகள் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. கேரளத்து யூதர்களின் வழக்கப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எவ்வளவு வெயில் அடித்தாலும் பாதத்துக்குச் சில்லென்று இருக்கிறது. குனிந்து பார்த்தால் சில கோலங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் தூரிகை பிடித்த கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஓர் ஓட்டில் நீலம் திட்டாக நிற்கிறது, பக்கத்து ஓட்டில் தண்ணீராகக் கரைந்து ஓடுகிறது. ஒரு கிளை இங்கே நிமிர்கிறது, அங்கே வளைகிறது. எல்லோரும் தலையைக் குனிந்தபடியே நடக்கிறார்கள். அதனாலேயே அந்தக் கட்டடத்தின் முக்கியமான இடத்தைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். நானும் அப்படிப் போயிருப்பேன், மாமா கூட வராமல் இருந்திருந்தால்.

மாமா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். பள்ளியின் பக்கத்து அறையில் 1968 இல், நானூறாம் ஆண்டு விழாவையொட்டி வரைந்து மாட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. கேரளத்து யூதர் வரலாறு வரிசையாக வருகிறது. அதில் சேர மன்னர், யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைப் பட்டயமாகச் செப்பேடு கொடுக்கும் காட்சி ஒன்று. மாமா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அப்ப இந்தப் பட்டயம் வாங்கினவன் வாரிசுங்கதான் இந்தக் கோயிலைக் கட்டினாங்களா?" என்று கேட்டார். அருகில் நின்ற கைடு, "ஆமா சார், யூதருக்குக் கொடுத்தது, யூதர் கோயில்ல இருக்கு" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மாமா கேட்டது அதுவுமில்லை. அன்றிலிருந்து எனக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது.

முயிரிக்கோட்டில் எழுதியது

செப்பேட்டின் வாசகம் அச்சில் கிடைக்கிறது. தமிழ் படித்தவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழியை மலையாளத்தின் பழைய வடிவம் என்பார்கள். நமக்கு அகராதி இல்லாமலே பாதிக்கு மேல் புரியும். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்தபோது கொடுத்தது. 'இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு' என்று ஆட்சியாண்டு வருகிறது. யூதர்களின் மரபுக் கணக்கில் இது கி.பி. 379. கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுத்தையும் ஆட்சியாண்டையும் வைத்து கி.பி. 1000 என்கிறார்கள். எனக்கு ஆய்வாளர்கள் கணக்கே சரியாகப் படுகிறது. 379 என்பது குடும்பப் பெருமைக்குப் போட்ட கணக்கு. எந்தக் குடும்பம்தான் அப்படிப் போடவில்லை?

வாங்கிய ஜோசப் ரப்பானின் பெயர் ஏட்டில் 'இசுப்பு இரப்பான்' என்று இருக்கிறது. வணிகக் குழுவான அஞ்சுவண்ணம் அவருக்கு உரிமையாகிறது. உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி, அதாவது சுங்கமும் எடைக்கூலியும் இல்லை. கூடவே எழுபத்திரண்டு விடுபேறுகள், அதாவது சிறப்புரிமைகள். அந்தப் பட்டியலை மாமா வாய்விட்டுப் படித்ததைக் கேட்டிருக்க வேண்டும்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். பகலில் விளக்கேந்தி வரலாம். நடக்கும் வழியில் துணி விரிக்கலாம், அதுதான் பாவாடை. பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பறை முழக்கலாம், ஊதுகொம்பு ஊதலாம். ஊரில் யார் எதைச் செய்யலாம், செய்யக்கூடாது என்று அளந்து வைத்திருந்த காலத்தில் இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு என்று நாடுடையவர்கள் வரிசையாகச் சாட்சி நிற்கிறார்கள்.

நான் நின்றுவிட்ட இடம் அதற்குள் இருக்கிற இன்னொரு வரி. இந்த உரிமை இரப்பானுக்கு மட்டுமில்லை. அவன் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களைக் கொண்ட மருமக்களுக்கும், உலகும் சந்திரனும் உள்ளளவும். மகன், மகள், மருமகன் (இங்கே உடன்பிறந்தாள் பிள்ளை), மாப்பிள்ளை என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் யாராவது வந்து 'நீ வாரிசு இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்று எழுதியவனுக்கே தோன்றியிருக்கும் போலிருக்கிறது.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். இந்தப் பள்ளி கட்டப்பட்டது 1568 இல். கட்டியவர்களில் சாமுவேல் காஸ்தியேல், தாவீது பெலிலா என்ற பெயர்கள் வருகின்றன. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் யூதர்களைத் துரத்தியபோது கிளம்பியவர்களின் வழி வந்தவர்களும், சிரியா, ஈராக் பக்கமிருந்து வந்தவர்களும் சேர்ந்து உருவான கூட்டம் அது. வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால்தான் இதற்குப் பரதேசிப் பள்ளி என்று பெயர். இரப்பான் பட்டயம் வாங்கி ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்தவர்கள். அவர்களுக்கு முன்பே கேரளத்தில் யூதர்கள் இருந்தார்கள். சேந்தமங்கலத்தில் 1269 ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் கிடைத்திருக்கிறது. 1344 இல் கொச்சங்காடியில் கட்டிய பள்ளியின் எபிரேயக் கல்வெட்டு, இன்று பரதேசிப் பள்ளியின் சுவரிலேயே பதித்து நிற்கிறது. அந்தப் பழைய குடிகள் மலபாரிகள். பட்டயம் எங்களுடையது என்று இரு தரப்பும் சொந்தம் கொண்டாடின. ஏடு மட்டும் பரதேசிகளின் கையில் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் வந்து செப்பில் அப்படியே நகல் எடுத்துக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 2017 இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டுபோனதும் இந்த ஏட்டின் பிரதிதான். ஊரெல்லாம் நகல் போயிருக்கிறது. யாருக்கு எழுதியது என்ற கேள்வி மட்டும் எங்கும் போகவில்லை.

அசாராவின் படி

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து வருவது புரியாது. கேரளத்துப் பள்ளிகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. நேராகத் தெருவிலிருந்து தொழுகைக் கூடத்துக்குள் போய்விட முடியாது. முற்றம், அதைத் தாண்டி முன்கூடம், அதைத் தாண்டி உள்கூடம். முன்கூடத்துக்கு அசாரா என்று பெயர். உள்கூடம் ஒரே பெரிய அறை. தடித்த வெள்ளைச் சுவர், மரக் கூரை, அதிலிருந்து தொங்கும் பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி வளைத்த மேடை, தேபா என்பார்கள். அதில் நின்றுதான் வேதம் வாசிப்பது. ஜெருசலேம் இருக்கும் மேற்குத் திசையில் யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை, செதுக்கிப் பொன்பூச்சும் வண்ணமும் கொடுத்தது. எதிர்ப்பக்கம், பித்தளைத் தூண்கள் தாங்கும் மாடம். மாடத்திலும் ஒரு தேபா இருக்கிறது. இப்படி இரண்டாவது தேபா உலகத்தில் வேறெங்கும் இல்லை, கேரளத்தில்தான். அதன் பின்னால் மரத் தடுப்புக்கு அப்பால் பெண்கள். விசேஷ நாட்களில் மேலேயுள்ள தேபாவில் வாசித்ததால், கீழே இருந்த ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் வேதம் பக்கத்தில் கேட்டது. சிம்ஹத் தோரா பண்டிகையில் சுருள்களை எடுத்துக்கொண்டு பள்ளியை வெளியே சுற்றி வந்தார்கள். நம் கோயில் பிராகாரம் சுற்றியவர்களுக்கு அதில் விநோதம் எதுவும் இருக்காது. அரண்மனைக் கோயிலுக்கு ஒட்டின மாதிரிதானே பள்ளியும் நிற்கிறது.

வெளியே மணிக்கூண்டு. அதுவும் ரஹபி உபயம், 1760. ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, இன்னொன்றில் ரோமன் எண், மற்றொன்றில் மலையாள எண். எல்லோருக்கும் அவரவர் எழுத்தில் மணி காட்டிய பள்ளி என்று இதைப் புகழ்ந்து எழுதாத சுற்றுலாக் கட்டுரை கிடையாது. சரி, மணி எல்லோருக்கும் காட்டியது. உள்ளே யார் உட்கார்ந்தார்கள்?

மலபாரி யூதர்கள் இங்கே உறுப்பினராக முடியாது. அவர்களுக்கு வேறு பள்ளிகள் இருந்தன, அங்கே தொழுதார்கள். இன்னும் மோசமான நிலை மெஷுக்ராரிம் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு. பரதேசிக் குடும்பங்களின் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கென்று பள்ளி கிடையாது. பரதேசிப் பள்ளிக்கே வரலாம். ஆனால் அசாராவில், தரையிலோ படியிலோ உட்கார வேண்டும். வேதம் வாசிக்க அழைக்கமாட்டார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. இறந்தால் இடுகாடும் தனி. யூத சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்று அப்போதே கேட்டிருக்கிறார்கள். 1520 வாக்கில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கேள்வி போனது. பணக்காரச் சிறுபான்மை ஒன்று, மற்றவர்களை அடிமை வழி என்று சொல்லி மண உறவு மறுக்கிறது, என்ன செய்வது என்று. அங்கிருந்த பெரிய ரப்பி, அதாவது யூத மதகுரு, தாவீது இப்னு அபி சிம்ரா, முறைப்படி முழுக்குச் சடங்கு செய்துவிட்டால் தடையில்லை, மணம் செய்யலாம் என்று பதில் எழுதினார். அதாவது 1568 இல் இந்தச் சுவர் எழும்புவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. தீர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அசாராவில் ஒரு கூட்டத்தை உட்காரவைக்கும் பள்ளியைக் கட்டினார்கள். இதை அறிந்த பிறகு எனக்கு ஓடுகளைப் பார்க்கும்போது பழைய சந்தோஷம் வருவதில்லை. ஜாதி என்பது இந்த மண்ணில் வந்து தங்கிய யாரையும் விடவில்லை என்று பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இவர்கள் ஏதோ தெரியாமல் பிடித்துக்கொண்ட வழக்கம் இல்லை இது. எழுத்துமூலம் வேண்டாமென்று சொல்லப்பட்ட பிறகும் விடாமல் வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் ஆபிரகாம் பராக் சேலம் வருகிறார் (நம்ம ஊர் சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). 1882 இல் பிறந்தவர். மெஷுக்ராரிம் குடும்பம். மெட்ராஸில் பட்டமும் சட்டமும் படித்துவிட்டுக் கொச்சிக்கு வக்கீலாகத் திரும்பினார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினர், தொழிற்சங்கத்துக்காரர், 1929 இல் லாகூர் காங்கிரஸுக்குப் போய் வந்தவர். ஊர் அவரை 'யூத காந்தி' என்றது. சட்டமன்றத்தில் எழுந்து பேசுவார். சனிக்கிழமை பள்ளிக்கு வந்தால் அவருக்கு இடம் அசாரா. இதற்கு முன்பும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 19 ஆம் நூற்றாண்டில் அவரது முன்னோர் தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்து போய்க் கொச்சிக் கோட்டைப் பக்கம் தனியாகத் தொழுது பார்த்தது, பிரிட்டிஷாரிடம் மனு கொடுத்தது, கடைசியில் திரும்பி வர வேண்டியதாயிற்று. பிரிந்து போவது பலிக்காது என்பதைச் சேலம் தன் வீட்டு வரலாற்றிலிருந்தே தெரிந்துவைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் போகவில்லை. உட்கார்ந்தார். மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சில காலம் வராமல் புறக்கணித்தார், மறுபடி வந்தார். கேரளம் அப்போது வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் பார்த்திருந்தது. அதே முறை, ஆனால் எதிரே இருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், ஒரே தெருக்காரர்கள். வைக்கத்தில் போலீஸ் தடுத்தது. இங்கே தடுக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் போதும்.

நான் இரண்டாம் முறை போனபோது அந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். அசாராவுக்கும் உள்கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு வாசற்கால், அவ்வளவுதான். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் உள்ளே பேழை தெரியும், சரவிளக்கு தெரியும், வாசிப்பவரின் முதுகு தெரியும், குரலும் கேட்கும். சுவர் வைத்துத் தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்குப் பக்கம். படிப்படியாகத்தான் மாறியது. முதலில் உள்ளே பின்வரிசையில் உட்கார இடம், 1940களில் வேதம் வாசிக்கும் உரிமை. 1950 இல் சேலத்தின் மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கல்யாணம் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. உரிமை வந்து சேர்ந்தபோது வாசிக்க ஆட்களே குறைந்துகொண்டிருந்தார்கள். இஸ்ரேல் உருவாகிவிட்டது. 1950களின் நடுவில் மலபாரிகள் கிட்டத்தட்ட மொத்தமாகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அந்தப் பயண ஏற்பாட்டுக்கு அலைந்தவர்களில் சேலமும் உண்டு. அவர் மட்டும் போகவில்லை. 1967 இல் கொச்சியிலேயே காலமானார். அதற்கு அடுத்த வருஷம் பள்ளிக்கு நானூறு வயது. இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள்.

தெருவின் மறுபுறம்

யூதத் தெருவில் பள்ளியை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தெற்கே நடந்தால் பழைய சாமான் கடைகள், பாஷ்மினா என்று சொல்லி விற்கும் சால்வைகள், மசாலா வாசனை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் குறையும். இந்தப் பக்கம்தான் மலபாரிகளின் தெக்கும்பாகம், கடவும்பாகம் பள்ளிகள் இருந்தன. தெக்கும்பாகம் போயே போய்விட்டது. கடவும்பாகம் 1544 என்று மரபு சொல்கிறது, அதாவது பரதேசிப் பள்ளிக்கு மூத்தது. மக்கள் இஸ்ரேல் போனதும் கட்டடம் கிட்டங்கியானது, கயிறு அடுக்கினார்கள். 1991 இல் அதன் உள்வேலைப்பாடுகளை ஜெருசலேம் மியூசியம் விலைக்கு வாங்கிக் கழற்றிக்கொண்டுபோனது. செதுக்கிய மரக் கூரை இப்போது அங்கே பத்திரமாக இருக்கிறது. அதன் கீழே பறவூர்ப் பள்ளியின் பேழையை நிறுத்தி ஒரே அறையாகக் காட்டுகிறார்கள். கூரையைக் கழற்றியது பாவம் என்று ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. 2019 செப்டம்பர் மழையில் கடவும்பாகத்தின் முகப்புச் சுவர் சரிந்து விழுந்தது. கழற்றாமல் விட்டிருந்தால் கூரையும் அந்த மண்ணோடு கிடந்திருக்கும்.

ஒரே தெருவின் ஒரு முனையில் டிக்கெட், வரிசை, எலிசபெத் ராணி வந்து போன பெருமை. மறுமுனையில் இடிந்த செம்மண் கல். பரதேசிப் பள்ளியைக் காப்பாற்றியதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டுத் தொழுகை என்பது யூத முறை. பத்துப் பேர் தேறாத நிலையிலும் விளக்குகளைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அது சின்ன வேலை இல்லை. என் குறை வேறு. ஓடுகள், சரவிளக்கு, மணிக்கூண்டு, எத்தியோப்பிய மன்னர் கொடுத்த கம்பளம், திருவிதாங்கூர் ராஜா கொடுத்த பொற்கிரீடம் என்று எல்லாம் சொல்கிறார்கள். நான் போன இரண்டு முறையும் சேலம் என்ற பெயரை எந்தக் கைடு வாயிலும் கேட்கவில்லை. செப்பேட்டின் கதையைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில், 'மருமக்களுக்கும்' என்ற வரியைப் படித்துக் காட்டிவிட்டு, அப்படியே நாலடி நடந்து அசாராவின் படியைக் காட்டினால் போதும். வருகிறவர்களுக்கு விளங்கிவிடும். பள்ளியின் மதிப்பு அதனால் குறையுமா? எனக்குத் தோன்றவில்லை. சொந்த வேதக்காரர்களின் தீர்ப்பையே மீறிய ஒரு சபையை, வாசலில் உட்கார்ந்தே ஒருவர் வழிக்குக் கொண்டுவந்தார் என்பது கான்டன் ஓடுகளைவிடப் பெரிய சரக்கு இல்லையா?

கொச்சி போகிறவர்கள் என்னைக் கேட்டால் இப்போதெல்லாம் முதலில் வடக்கன் பறவூர் போகச் சொல்கிறேன். முசிறி மரபுத் திட்டத்தில் சீரமைத்த மலபாரிப் பள்ளி அங்கே இருக்கிறது. தெருவோரம் மாடி வைத்த படிப்புரை என்கிற வாசல் கட்டடம், அதைத் தாண்டினால் நீண்ட நடைவழி, பிறகு அசாரா, பிறகு உள்கூடம், பெண்கள் மாடத்துக்குத் தனியே படிக்கட்டு என்று ஒவ்வொன்றும் பிரித்துப் பிரித்துத் தெரியும், கூட்டமும் இருக்காது. பேழை நகல்தான், அசல் ஜெருசலேமில். 1616 இல் அதைக் கட்டியதாகக் கல்வெட்டு சொல்லும் பெயர் தாவீது காஸ்தியேல் முதலியார். கொச்சி ராஜா யூதர் தலைவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார். பரதேசிக் குடும்பத்து ஆள், மலபாரிகளுக்குப் பள்ளி கட்டிக் கொடுத்திருக்கிறார். ஆகவே நான் மேலே சொன்ன கதையிலும் இப்படி ஒரு முரண் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அமைப்பைப் புரிந்துகொண்டு மட்டாஞ்சேரி வந்தால், அசாராவை ஏதோ வராந்தா என்று நினைத்துக் கடந்துவிடமாட்டீர்கள். சனிக்கிழமை பரதேசிப் பள்ளி திறக்காது, வெள்ளிக்கிழமையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.